ஓங்காத கை

சன்னலோர சீட்டை நீங்களே வச்சுக்கங்க தம்பி. மேகத்தைப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது. இந்தக் கையை மட்டும் இடிச்சிராதீங்க, கட்டுக்குள்ள தையல் இருக்கு. நாய்க் கடி. மூஞ்சில காதுலருந்து வாய் வரைக்கும் ஒரு கோடு போகுதுல்ல, அது நாய் இல்ல, என் மகன். சங்கடப்படாதீங்க. ஏறி உக்காந்ததுலருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருக்கீங்க, நானே சொல்லிர்றேன். சென்னை வரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறோம்.

நமக்குச் சாத்தூர் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ்ல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனேன். ஆபீஸுன்னா நாற்காலி போட்ட ஆபீஸ் இல்ல, தீப்பெட்டி செய்யிற இடத்தை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். மருந்து இருக்கிற இடம். ஒருத்தன் அசந்தா பத்து பேர் கரி. அங்க நான் வாயால வேலை வாங்கினதே இல்ல. பொம்பளை பிள்ளைகளுக்குக் குச்சி, பயலுகளுக்கு பெல்ட்டு. அப்ப யாரும் கோவிச்சுக்கல. இப்பவும் வழியில பாத்தா நின்னு வணக்கம் சொல்லுவாங்க.

வீட்ல நாய். சிப்பிப்பாறை கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த ஜாதி. வாசல்ல கட்டிப்போட்டு அழகு பாக்கிறதுக்கு இல்ல, முயல் வேட்டைக்கு. இப்ப பாரஸ்ட்காரன் விடுறதில்ல, அப்ப யாரு கேட்டா. ஓடுற முயலை நாய் பிடிக்கும். பிடிச்சா திங்கக் கூடாது, கவ்விக்கிட்டு நிக்கணும். நாம போயி அது வாய்க்குள்ள கையை விட்டு முயலை எடுக்கணும். அப்ப நம்ம கையில அது பல்லு அழுந்தக் கூடாது. அப்படி வாய்க்குள்ள கை விட்டுப் பாக்காம ஒரு நாயை நாங்க நாயின்னே ஒத்துக்க மாட்டோம். முயலைத் தின்னுட்ட நாயை வச்சுக்கவும் மாட்டோம். புளியமரத்துல கயித்தைப் போட்டு முடிச்சிருவோம். யாரு வளர்த்தானோ அவன்தான் கயித்தை இழுக்கணும். அது எங்க வீட்டு வழக்கம், எங்கப்பா காலத்துலருந்து.

மாரீஸ்வரன், அதான் என் மகன், சின்னதுல ஒரு செவலைக் குட்டியை மடியில போட்டு வளர்த்தான். அது வளர்ந்து முதல் வேட்டையிலேயே முயலோட தொடையைத் தின்னுருச்சு. கயித்தை இவன் கையில கொடுத்தேன். இழுக்க மாட்டேன்னான். ரெண்டு விட்டேன், இழுத்தான். பாதியில கையை விட்டுட்டான். நாய் கீழ விழுந்து, எந்திரிச்சு வந்து இவன் காலையே நக்குது. அதுக்கு என்ன தெரியும். மறுபடி ரெண்டு விட்டேன், அப்ப ஒழுங்கா இழுத்தான். அவங்கம்மா அன்னபாக்கியம், பச்சைப்பிள்ளை கையில போயி இதைக் கொடுக்கணுமான்னு வாயைத் திறந்தா. அவளுக்கும் விழுந்துச்சு. வாயைத் திறந்தா விழும்னு தெரியும், இருந்தாலும் திறப்பா. நல்ல பொம்பளை. போய்ச் சேர்ந்துட்டா.

நான் என்ன கெடுத்துட்டேன், சொல்லுங்க. படிச்சான், ஜப்பானுக்கு வந்தான், பெரிய கம்பெனியில இன்ஜினியர். அந்த ஊருப் பொண்ணையே கட்டிக்கிட்டான். சிஹோன்னு பேரு. என் வாயில வராது, நான் சிவகாமின்னுதான் கூப்பிடுவேன். அவளும் திரும்பிப் பாப்பா. எத்தனையோ வருசம் பிள்ளை இல்ல. நான் போன் போட்டுக் கேக்கிறதையே விட்டுட்டேன். இந்த வருசம் அவனே கூப்பிட்டு, அவ முழுகாம இருக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போங்கன்னு டிக்கெட் அனுப்பினான். எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க.

வந்த வாரமே கார்ல ஏத்திக்கிட்டுக் கடலோரமா ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பூமிக்குள்ளருந்து வெந்நீர் தானா வருமாம். அதுல குளிக்கிறதுக்குன்னே விடுதி கட்டி விட்டிருக்காங்க. நானும் மகனும் முன்னாடி, பின்னாடி மருமக. அவ மடியில தலையை வச்சு ஒரு வெள்ளை நாய். கொமேன்னு பேரு. கொமேன்னா அரிசியாம். நாய்க்கு அரிசின்னு பேரு வைக்கிற ஊரை இப்பத்தான் பாக்கிறேன்.

இதையும் கூட்டிட்டா போறோம்னு கேட்டேன். நாயோட தங்குறவங்களுக்குன்னே உள்ள விடுதிப்பான்னான். அப்புறம் வண்டியை ஓட்டிக்கிட்டே, என் மூஞ்சியைப் பாக்காம சொன்னான். "அப்பா, பிள்ளை வேணாம்னு நான்தான் இருந்தேன். எனக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு நாள் அவ மேல கை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்கினேன். அதுக்கப்புறம் மனசு டாக்டர்கிட்ட போயிக்கிட்டு இருக்கேன்."

பொண்டாட்டி மேல கை ஓங்கினதுக்கு டாக்டர். நான் சிரிச்சுட்டேன்.

"சிரிக்காதீங்கப்பா. சிஹோதான் சொன்னா, ஒரு நாய் வளர்ப்போம், அதும் மேல ஒரு தடவைகூட நீ கை ஓங்காம இருந்தா பிள்ளை பெத்துக்கலாம்னு. கொமே முன்னாடி இருந்த வீட்ல அடிபட்டு அடிபட்டுக் கிடந்தவன். வந்த புதுசுல நான் செருப்பை எடுத்தாலே மேசைக்கடியில போயிருவான். இப்பல்லாம் ராத்திரி என் கையில முகத்தை வச்சுத் தூங்குறான். இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட ஓங்கலப்பா. அதுக்கப்புறம்தான் இந்தப் பிள்ளை."

இதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுக்குது. ஆம்பளை. எனக்குன்னா அருவருப்பா வந்துச்சு தம்பி, ஒளிக்காம சொல்றேன். என் ரத்தம் ஒரு நாய்கிட்ட பரீட்சை எழுதிக்கிட்டு இருந்திருக்கு, பாஸ் பண்ணினதுக்குப் பரிசா பிள்ளை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்துல என்னத்தச் சொல்றது.

விடுதியில போய் இறங்கினதும் என்னைக் குளிக்கக் கூட்டிட்டுப் போனான். பொட்டுத் துணி இல்லாமக் குளிக்கணுமாம். குத்தால அருவியிலயே நான் துண்டோட நிக்கிற ஆளு. அண்ட்ராயரோட இறங்கப் போனேன், அங்க இருந்தவன் குறுக்க விழுந்து மறிச்சுட்டான். சரின்னு கழட்டி எறிஞ்சுட்டு இறங்கினேன். தண்ணி என்னா சூடு. மகன் எனக்கு முன்னாடி உக்காந்திருந்தான், முதுகு தெரியுது. தோளுலருந்து இடுப்பு வரைக்கும் பழைய பெல்ட்டுத் தழும்பு, கோடு கோடா. பக்கத்துல இருந்த ஒரு கிழவன் அதைப் பாத்து மகன்கிட்ட என்னமோ கேட்டான். இவன் ஒரே வார்த்தையில பதில் சொன்னான். என்னடா கேட்டான்னேன். "என்ன ஆச்சுன்னு கேட்டார். விபத்துன்னு சொன்னேன்." எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "ஏன்டா பொய் சொல்ற, எங்கப்பா வளர்த்த வளர்ப்புன்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னேன். கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கிக்கிட்டான்.

வெளிய வந்தா நாய்க்குத் தனித் தொட்டி. அதுக்கும் அதே வெந்நீர். மருமக மரக் கரண்டியில மொண்டு மொண்டு அது தலையில ஊத்துறா. அது கண்ணை மூடிக்கிட்டு இருக்கு. ஜமீன்தார் கெட்டான். அதுக்கப்புறம் துண்டுல துடைச்சு, அதுக்கும் ஒரு குட்டி அங்கி, விடுதியில எங்களுக்குப் போட்டுக்கக் கொடுத்த அதே பூப்போட்ட துணியில. என்னைப் பாத்து வாலை ஆட்டுச்சு. நான் திரும்பிக்கிட்டேன்.

சாப்பாடு ரூமுக்கே வந்துச்சு. வெளிச்சம்கூட போகல, அதுக்குள்ள ராச்சாப்பாடு. பாயில உக்காந்து திங்கிறது நம்ம பழக்கம்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு குட்டி மேசை. விடுதிக்கார அம்மா முட்டி போட்டு ஒவ்வொண்ணா கொண்டாந்து வைக்கிறா. எனக்கு ஒண்ணு, மகனுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு கொண்டாந்து என் பக்கத்துல வைக்கிறா. யாருக்குன்னு பாத்தா நாய்க்கு. மேசை கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான் வித்தியாசம். வேகவச்ச மீனு, முள்ளு எடுத்தது. எனக்கு வச்ச மீன்ல முள்ளு இருந்துச்சு தம்பி. நான் கையை நனைக்கிறதுக்கு முன்னாடி அது திங்க ஆரம்பிச்சிருச்சு.

மருமகளுக்கு முதுகு வலின்னு தலகாணி வாங்கிட்டு வர மகன் வெளிய போனான். நான் அந்த நாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். பிள்ளை வரப்போற வீடு. நாளைக்கு அது தவழ்ந்து போயி நாய்த் தட்டுல கையை விடும். இந்த நாய்க்கு வாய் நல்லாருக்கா இல்லையான்னு ஒருத்தன் பாத்துச் சொல்லணுமா வேணாமா? அங்க நாயைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். நல்லதுக்குத்தான் செஞ்சேன். எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சொல்லுவேன்.

பிடரியைப் பிடிச்சேன், தாடையை அமுக்கி ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டு அந்த மீனை எடுக்கப் பாத்தேன். மருமக நோ நோன்னு கையை ஆட்டுறா. நாய் உறுமிச்சு. உறுமினா கையை எடுக்கக் கூடாது, எடுத்தா அது ஜெயிச்ச மாதிரி. இன்னும் உள்ள விட்டேன். ஒரே கடி. பாத்தா சுண்டுவிரல் பக்கம் தோலு தொங்குது, மீன் மேல எல்லாம் ரத்தம்.

அப்புறம் எப்படிச் சும்மா இருக்கிறது? கதவோரம் அதைக் கட்டிக் கூட்டிட்டுப் போற வார் தொங்குச்சு. தோல் வாரு, நுனியில இரும்புக் கொக்கி. அதை எடுத்தேன். முதல் அடி முதுகுல. அடுத்தது மூஞ்சில, கொக்கி கண்ணோரம் பட்டுக் கிழிச்சிருச்சு. மூலையில போயி ஒடுங்குச்சு, காலால மிதிச்சு வெளிய இழுத்தேன். அந்த ஊருல கதவெல்லாம் காகிதம் தம்பி, நாய் போயி மோதினதுல கிழிஞ்சு தொங்குது. ஆனா ஒரு சத்தம் போடல அது. பழைய அடி வாங்கின நாய் கத்தாது, சுருண்டுக்கும். எனக்குத் தெரியும். நாலஞ்சு விட்டா இன்னொரு தடவை பல்லைக் காட்டாது, அதோட விட்டுருப்பேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்து நாய் மேல கவுந்து விழுந்துட்டா. வயித்துப் பிள்ளையோட. ஓங்கின கையை எப்படி நிறுத்துறது? அவ தோள்ல விழுந்துருச்சு. அவளுக்குன்னு அடிக்கல. நடுவுல வந்தா விழத்தான் செய்யும்.

அவ கத்தினதுல மகன் ஓடியாந்தான். தலகாணியைக் கீழ போட்டான். என் கையிலருந்து வாரைப் பிடுங்கினான். முதல் அடி இந்தா, இந்தக் கோடு. அப்புறம் கழுத்து, முதுகு, நான் கீழ விழுந்ததும் காலு. மேசை எல்லாம் உருண்டு, சோறு, மீனு, உடைஞ்ச கிளாஸு, அது மேலயே கிடந்தேன். கொக்கி முழங்கால்ல இறங்குச்சு. அவன் மூஞ்சியைப் பாத்தேன் தம்பி. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணு சிவந்து, மூச்சை ஒரே சீரா விட்டு அடிக்கிறான். கை மாறல, இலக்கு தப்பல. அழகா அடிக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்காம அப்படி வராது. விடுதிக்கார அம்மா வாசல்ல மண்டி போட்டு என்னமோ கெஞ்சிக்கிட்டு இருக்கா, அவனுக்குக் காதுல ஏறல. அன்னைக்கு என்னைக் கொன்னுருப்பான்.

எப்படி நிறுத்தினான் தெரியுமா? மருமக சொல்லி இல்ல. அந்த நாயி. அவன் வாரைத் தூக்கி ஓங்குறான், அது அவ மடியிலருந்து உருவிக்கிட்டு, வயித்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டே அவன்கிட்டருந்து விலகிப் போயி, சுவரோரம் மூத்திரம் விட்டுட்டு நடுங்குது. கொமே, கொமேன்னு அவன் கையை நீட்டுறான். அந்தக் கையைப் பாத்து அது கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. என்னைப் பாத்து இல்ல தம்பி, அவனைப் பாத்து. வாரு தானா கீழ விழுந்துச்சு.

எனக்கு வாயெல்லாம் ரத்தம். ஆனா அப்ப என் நெஞ்சு எப்படி நிறைஞ்சுச்சுன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. இத்தனை வருசமா இவன் யாரு பிள்ளை, இப்படிக் குழைஞ்சுக்கிட்டுத் திரியுறானேன்னு எனக்குள்ள ஒரு குறை. அது அன்னைக்குத் தீந்துச்சு. கீழ கிடந்துக்கிட்டே சொன்னேன். "இப்பத்தான்டா நீ என் பிள்ளை."

சந்தோசமாத்தான் சொன்னேன். வேற எந்த அப்பன், அடி வாங்கின இடத்துல கிடந்துக்கிட்டு அப்படிச் சொல்லுவான்? அவன் என்னமோ நான் இன்னொரு தடவை அடிச்ச மாதிரி பாத்தான்.

மருமகளுக்குத் தமிழ் தெரியாது, நான் சொன்னது புரிஞ்சிருக்காது. அவ என்னைப் பாக்கவே இல்ல. அவனைத்தான் பாத்தா, ரொம்ப நேரம். தோள்ல ரத்தம் ஊறுது, ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் நாயைத் துணியில சுத்தித் தூக்கினா. பாரம்னு இவன் உதவிக்குக் கிட்டப் போனான். நாய் அவ கைக்குள்ள திமிறுது. அவ ரெண்டு எட்டுப் பின்னாடி போனா. நாய்க்காகத்தான் போனாளா, தனக்காகப் போனாளான்னு எனக்குத் தெரியாது. சாவியை எடுத்தா, காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நாய் டாக்டர்கிட்ட போயிட்டு அங்கருந்து அவ அம்மா வீட்டுக்காம்.

இவன் விடுதிக்கார அம்மா முன்னாடி தலை பாய்ல முட்டுற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறான். அப்புறம் துணியை நனைச்சு ரத்தத்தைத் துடைக்கிறான். அது விடுதிக்காரங்க வேலைடா, விடுன்னேன். துடைச்சுக்கிட்டே இருந்தான். பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில எனக்குத் தையல் போட்டாங்க. மூஞ்சியைக் காட்டி நர்ஸம்மா கேட்டா. என் மகனைக் கை நீட்டிக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிஞ்சுச்சோ, சிரிச்சா.

ரயில்லதான் திரும்பி வந்தோம். வீட்ல பொண்டாட்டி இல்ல, நாய் இல்ல. அவ போனை எடுக்கல. நான் தைரியம் சொன்னேன். "எங்க போயிருவா, வருவா. உங்கம்மா எத்தனை தடவை போனா, போனப்பல்லாம் திரும்பி வந்தாள்ல"ன்னேன். என்னை என்னமோ புதுசா பாக்கிற மாதிரி பாத்தான். மறுநாளே என் டிக்கெட்டை மாத்திட்டான். அதுதான் எனக்கு ஆறல தம்பி. அடிச்சது கூட இல்ல. பேரப்பிள்ளை வரப்போகுதுன்னு வந்தவனை ஒரு நாய்க்காக வாரத்துல திருப்பி அனுப்புறது என்ன நியாயம்?

ஏர்போர்ட்டுக்குக் கூட வந்தான். உள்ள விடுற இடத்துல நின்னுட்டான். பிள்ளை பிறந்தா ஒரு போன் போடுன்னேன். அப்பத்தான் வாயைத் திறந்தான்.

"சிஹோ காலையில பேசினாப்பா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நாளைக்குக் குழந்தை அழுது, நீ சொல்லியும் நிறுத்தலைன்னா என்ன பண்ணுவன்னு. பதில் சொல்லிட்டு வரச் சொன்னா. எனக்குத் தெரியலப்பா. முன்னாடி தெரிஞ்சுச்சு. இப்ப தெரியல."

பாவமா இருந்துச்சு. பெத்த மனசு இல்லையா. தோள்ல கை போட்டு, "இதுக்குப் போயி ஏன்டா யோசிக்கிற, அந்த நேரத்துல கை தானா செஞ்சிரும், உனக்குத்தான் நல்லா வருதே"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன்.

அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். அத்தனை ஜனம் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போற வழியில, கோட்டு சூட்டோட. ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சு, அது மேலயே உக்காந்துக்கிட்டான். எந்திரிடான்னு இழுத்துப் பாத்தேன், கையை வெளிய எடுக்கவே மாட்டேன்னுட்டான். ஒரு போலீஸ்காரன் வந்து குனிஞ்சு என்னமோ கேட்டான். எனக்கு நேரமாயிருச்சு, வந்துட்டேன். உள்ள போயிட்டுக் கண்ணாடி வழியாத் திரும்பிப் பாத்தேன். அப்பவும் கையை எடுக்கல.